மியாட்டாவில் கிளட்ச் ஃப்ளூயிட் பார்ப்பதும் மாற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

கிளட்ச் ஃப்ளூயிட் மாற்ற ஒரு மணி நேரம் போதும். வரிசை மாறினால், கார் ஸ்டாண்டில் ஏறி இரண்டு நாள் அசையாமல் நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் பலரின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிப்பதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. எதை முதலில் தொடுவது, எதை அப்புறம் தொடுவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவிலும் கனடாவிலும் மியாட்டா என்று அழைக்கப்படும் கார். என்ஏ (1989–1997), என்பி (1998–2005) ஆகிய முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் இந்த முறை பொருந்தும். இவற்றில் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலின் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் கீழ்ச் சிலிண்டர், கியர்பாக்ஸுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைப்பது கஷ்டம். ஸ்லேவ் உள்ளே ஒளிந்திருக்கும் கார்களைப் பற்றி கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பற்றி. நம்மில் பலர் இதைக் கிளட்ச் ஆயில், பிரேக் ஆயில் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் இது எண்ணெயே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். 'ஆயில்' என்று காதில் விழுந்ததை நம்பி, கைக்குக் கிடைத்த பவர் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றியவர்கள் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சிலிண்டர்களுக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் கப்கள் ஊதிப் பெருத்துவிடும். அப்புறம் ஃப்ளூயிட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ரப்பர் இருக்கும் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஃப்ளூயிட் என்றே சொல்கிறேன்.

1. முதலில் பெடலைக் கேளுங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். கோளாறு என்ன என்று தெரியாமல் ஃப்ளூயிட்டை மாற்றினால், மாற்றிய பிறகு சரியாகிவிட்டதா என்பதும் தெரியாது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளூயிட்டைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து, கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளும். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஸ்லேவ் பிஸ்டனின் மொத்த நகர்வே மிகக் குறைவு என்பதால், உள்ளே சிறு குமிழி இருந்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது.

இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுதாக மிதியுங்கள். மூன்று, நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. இனி பெடலை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது கியர் சுலபமாக விழுந்தால் ஒன்று உள்ளே ஏர் இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்தறிய இன்னொரு சோதனை. சமதளத்தில், முன்னால் நிறைய இடம் விட்டு, முதல் கியரில் கிளட்சை மிதித்தபடியே ஒரு நிமிடம் காத்திருங்கள். வலது கால் பிரேக்கின் மேல் தயாராக இருக்கட்டும். முதலில் அசையாமல் நின்ற கார் கொஞ்ச நேரத்தில் மெல்ல நகரப் பார்த்தால், பிடித்துவைத்த அழுத்தம் உள்ளே கசிகிறது என்று பொருள். ஏர் இருந்தால் கோளாறு முதல் நொடியிலேயே தெரியும், நேரம் போகப் போக மோசமாகாது. அழுத்தம் கசியும் காரில் ஃப்ளூயிட் மாற்றுவது வீண் வேலை. சிலிண்டரை மாற்ற வேண்டும்.

பெடலின் மேல் முனையில் சிறிதளவு வெறும் அசைவு இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். அந்த ஃப்ரீ பிளே இருந்தால்தான் மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்து, டப்பாவிலிருந்து ஃப்ளூயிட் இறங்கும் சின்னத் துளை திறக்கும். பெடலையும் மாஸ்டரையும் இணைக்கும் கம்பியான புஷ்ராடை யாரோ இறுக்கமாகத் திருகி வைத்திருந்தால் அந்தத் துளை மூடியே கிடக்கும். அப்போது எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஏர் வெளியேறாது.

2. டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்

ஓட்டுநர் பக்கம், இன்ஜின் அறையின் பின் சுவரில், பெரிய வட்டமான பிரேக் பூஸ்டருக்குப் பக்கத்தில் திருகு மூடியோடு சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். அதுதான் கிளட்சுக்கு உரியது. என்ஏ, என்பி இரண்டிலும் பிரேக்குக்குத் தனி டப்பா. அடுத்த தலைமுறையான என்சியிலிருந்து பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் காரில் இந்தக் கட்டுரையைப் பார்த்து டப்பாவைக் காலி செய்துவிடாதீர்கள், பிரேக்கிலும் ஏர் ஏறிவிடும்.

மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே விழும் ஒரு மணல் துணுக்கு போதும், ரப்பர் கப்பில் கோடு இழுத்துவிடும். கார் ஓடாமல் நிற்கும்போதும் மூடியைத் தேவையில்லாமல் திறந்து வைக்காதீர்கள். கிளைக்கால் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும்.

நிறத்தைப் பாருங்கள். புது ஃப்ளூயிட் கிட்டத்தட்ட நிறமில்லாமல், அல்லது இளம் தேன் நிறத்தில் இருக்கும். டீ டிகாஷன் நிறம் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். மை போல் கறுத்து, அடியில் சேறு மாதிரி தங்கியிருந்தால் ரப்பரும் சிலிண்டர் உலோகமும் தேய்ந்து கலந்திருக்கின்றன. அந்தக் காரில் ஃப்ளூயிட்டோடு ஸ்லேவையும் மாற்றும் எண்ணத்தோடு வேலையில் இறங்குங்கள்.

அளவைப் பார்க்கும் இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரேக்கில் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு குறையும், அது இயல்பு. அதே கணக்கைக் கிளட்சுக்கும் போட்டு, 'தட்டு தேய்ந்திருக்கும், கொஞ்சம் ஊற்றிவிடலாம்' என்கிறார்கள். இந்தக் காரின் கிளட்சில் நடப்பது நேர்மாறு. தட்டு தேயும்போது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் வெளிப்பக்கம் நகர்ந்து, ஃபோர்க் வழியாக ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும். அதனால் டப்பாவில் அளவு இம்மியளவு ஏறத்தான் செய்யும், குறையாது. குறைந்திருந்தால் ஒரே காரணம்தான்: எங்கேயோ கசிகிறது.

3. கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்றுதான்.

முதலாவது காருக்குள். கிளட்ச் பெடலுக்கு மேலே, புஷ்ராட் சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரமாக, வழுவழுப்பாக இருந்தால் மாஸ்டரின் பின் கப் போய்விட்டது. அங்கே கசிவது பெடல் வழியாக இறங்கிக் காலடிக் கார்ப்பெட்டில் ஊறிவிடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. தரையில் கறை இல்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது மாஸ்டருக்குக் கீழே இன்ஜின் அறைச் சுவர். அங்கே பெயின்ட் கொப்புளித்தோ உரிந்தோ இருந்தால் ஃப்ளூயிட் வழிந்த தடம் அது.

மூன்றாவது ஸ்லேவ். காருக்கு அடியில், கியர்பாக்ஸின் முன் பகுதியான பெல் ஹவுசிங்கின் வலப்பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஸ்லேவ் வலப்பக்கம்தான். அதன் முனையில் இருக்கும் ரப்பர் உறையின் ஓரத்தை மெல்ல விலக்குங்கள். உள்ளிருந்து ஃப்ளூயிட் சொட்டினால் ஸ்லேவின் கப் போய்விட்டது. இந்தக் கார்களில் அடிக்கடி போகிற பாகம் இது. ஃப்ளூயிட் மாற்றுவதோடு நிறுத்தாமல் ஸ்லேவைக் கையோடு மாற்றிவிடுங்கள். மலிவான பாகம், ஏர் எடுக்கும் வேலை எப்படியும் ஒன்றேதான்.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டாட் 3 அல்லது டாட் 4 ஃப்ளூயிட் (டாட் என்பது பாட்டிலில் DOT என்று போட்டிருக்கும் தரக் குறியீடு), சீல் உடைக்காத புது பாட்டில் ஒன்று. அரை லிட்டர் தாராளம். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த மிச்சம் வேண்டாம். அது ஏற்கெனவே ஈரம் உறிஞ்சியிருக்கும், மாற்றுவதன் நோக்கமே கெட்டுவிடும்.

எந்த டாட் என்று நீண்ட வாதங்கள் நடக்கும். டாட் 3 ஈரமில்லாத நிலையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. பிரேக்கில் அந்த வித்தியாசம் பேசும். கிளட்சில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. இங்கே நமக்கு எதிரி சூடு அல்ல, உலோகத்தை அரிக்கும் ஈரமும் அழுக்கும். அதனால் விலை கூடிய ரேஸிங் ஃப்ளூயிட்டில் பணம் போடாமல், சாதாரண ஃப்ளூயிட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: டாட் 5. எண் பெரியது என்பதால் மேலானது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, பெரும்பாலும் ஊதா நிறம், மற்றவற்றோடு கலக்காது. டாட் 5.1 என்பது வேறு. அது கிளைக்கால் வகைதான், இதில் ஊற்றலாம்.

கருவிகளில் முக்கியமானது ப்ளீடர் ஸ்க்ரூவுக்கான 8 மி.மீ. ரிங் ஸ்பேனர். ப்ளீடர் என்பது ஏரையும் பழைய ஃப்ளூயிட்டையும் வெளியே விட ஸ்லேவில் இருக்கும் சின்னத் திருகு. வாயகன்ற ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம், துருப்பிடித்த ப்ளீடரின் மூலைகளை அது உருட்டிவிடும். ஸ்லேவை முன்பு யாராவது மாற்றியிருந்தால் ப்ளீடர் அளவு வேறாக இருக்கலாம், முன்கூட்டியே ஸ்பேனரைப் பொருத்திப் பாருங்கள். அப்புறம் ப்ளீடர் முனையில் இறுக்கமாக உட்காரும் கண்ணாடி மாதிரித் தெளிவான டியூப் ஓர் அடி, ஒரு காலி பாட்டில், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, துருவிளக்கும் ஸ்ப்ரே, ஜாக்கி, ஸ்டாண்டுகள், நிறையப் பழைய பனியன் துணி, ஒரு பக்கெட் தண்ணீர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.

தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். இந்த ஃப்ளூயிட் பெயின்ட்டை அரித்துவிடும், ஆனால் தண்ணீரில் கரையும். சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தொடங்கும் முன்பே ஃபெண்டர் மேல் ஈரத்துணி விரித்து வையுங்கள்.

பெடல் மிதிக்க ஓர் ஆளும் வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் முடியும், 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

5. காரைத் தூக்குவது

சமமான கான்கிரீட் தரை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் இறக்குங்கள். பக்கவாட்டில் ஸ்டாண்ட் வைக்க வேண்டிய இடம், கதவுக்குக் கீழ் ஓரத்தில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே உள்ள தகட்டு விளிம்பு. ஸ்டாண்டில் இறக்கியதும் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும்.

முன் வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டால் அந்த வழியாகவும் ஸ்லேவைக் கை எட்டிப் பிடிக்கலாம். எனக்கு அடியில் படுப்பதைவிட அதுதான் வசதி. கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஸ்டாண்ட் சரிந்தாலும் ஒரு தடுப்பு இருக்கும்.

6. டப்பாவைத் தொடும் முன் ப்ளீடர் அசைகிறதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எல்லோரும் செய்வது, மேலே நின்றபடியே டப்பாவை உறிஞ்சிக் காலி செய்துவிட்டு, புதியதை ஊற்றிவிட்டு, அப்புறம் கீழே இறங்குவது. அங்கே போய்ப் பார்த்தால் ப்ளீடர் துருவேறி அசையாது. கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருகினால் கழுத்தோடு ஒடியும். இங்கே கனடாவில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவதால், அடியிலிருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் இப்படிப் பிடித்துக்கொள்வது சாதாரணம். என் முதல் முறையில் எனக்கு நடந்ததும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உடைந்த ப்ளீடர், மறுநாள் வேலைக்குப் போகக் கார் இல்லை.

அதனால் முதலில் ப்ளீடரின் ரப்பர் தொப்பியை எடுத்து, முனையை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துருவிளக்கியை வெளிப்புறத்தில் மட்டும் அடித்து ஊறவிடுங்கள். முடிந்தால் முந்தின நாள் இரவே அடித்து வையுங்கள். வேலையைத் தொடங்கும்போது அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், ஸ்ப்ரேயும் பெட்ரோலியம்தான்.

ரிங் ஸ்பேனரை முழுதாக உட்காரவைத்து, ஸ்பேனரின் வாலில் உள்ளங்கையால் சின்னச் சின்னத் தட்டு. நீண்ட குழாய் மாட்டி இழுப்பது வேண்டாம். கால் சுற்று அசைந்தால் போதும், உடனே மூடிவிடுங்கள். அசைந்துவிட்டதா, இப்போது மேலே போகலாம். அசையவே இல்லையென்றால் வேலையை இங்கேயே நிறுத்துங்கள். டப்பா இன்னும் நிறைந்திருக்கிறது, கார் நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். புது ஸ்லேவ் வாங்கி வந்து இன்னொரு நாள் செய்யலாம். இந்தப் படியை முதலில் வைப்பதன் காரணம் முழுவதும் இதுதான்.

7. டப்பாவைக் காலி செய்து நிரப்புவது

சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி, டப்பாவிலிருக்கும் பழைய ஃப்ளூயிட்டை உறிஞ்சி எடுங்கள். அடியில் ஒரு மெல்லிய படலம் மிச்சமிருக்கட்டும், அடித்துளை தெரிந்து காற்று நுழையக் கூடாது. பஞ்சுத் துணியால் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சேற்றைத் துடைத்தெடுங்கள். நூல் உதிரும் துணி வேண்டாம்.

பழையதை எடுக்காமல் புதியதை ஊற்றினால் டப்பாவின் அழுக்கு முழுவதும் மாஸ்டர், லைன், ஸ்லேவ் என்று எல்லா வழியும் பயணம் செய்துதான் வெளியே வரும். மேலேயே எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது புது ஃப்ளூயிட்டை மேல் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகாமல் மேலே சும்மா வைத்து மூடுங்கள். பாட்டிலை ஊற்றியதும் இறுக்கி மூடுங்கள். அப்புறம், ஏர் எடுக்கத் தொடங்கும் வரை எந்தக் காரணத்துக்காகவும் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது.

8. இரண்டு பேர் சேர்ந்து ஏர் எடுப்பது

டியூபின் ஒரு முனையை ப்ளீடரில் மாட்டுங்கள். ஸ்பேனர் முதலில், டியூப் அப்புறம்; மாற்றி மாட்டினால் ஸ்பேனரை நுழைக்கக் கழற்ற வேண்டிவரும். மறு முனை காலி பாட்டிலில், சிறிதளவு ஃப்ளூயிட்டுக்குள் மூழ்கியிருக்கட்டும். டியூப் ப்ளீடரிலிருந்து முதலில் கொஞ்சம் மேலே ஏறி, வளைந்து, அப்புறம் பாட்டிலுக்குள் இறங்கட்டும். வெளியே வந்த குமிழி மேலே தங்கும், ப்ளீடருக்குள் திரும்பாது.

பெடல் பக்கம் இருப்பவரோடு வார்த்தைகளை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். என் நண்பரோடு முதல் தடவை செய்தபோது இரண்டு பேரும் எல்லாவற்றுக்கும் 'சரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நான் கேட்ட 'சரி'க்கு 'மிதித்துவிட்டேன்' என்று பொருள் எடுத்துத் திறந்தேன். அவர் சொன்னது 'புரிந்தது' என்பதற்கு. அதைவிட ஆபத்து 'விடாதே' என்ற சொல். காருக்கு அடியிலிருந்து கத்தும்போது மேலே 'விடு' மட்டும்தான் கேட்கும். இப்போது நான் மூன்று சொல்லை மட்டும் வைத்திருக்கிறேன். நான் 'மிதி' என்பேன். மிதித்து முடித்ததும் அவர் 'பிடிச்சிருக்கேன்' என்பார். ப்ளீடரை மூடிய பிறகு நான் 'தூக்கு' என்பேன். இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை.

வரிசை இது. 'மிதி'. அவர் பெடலை மெதுவாகத் தரை வரை அழுத்தி, 'பிடிச்சிருக்கேன்' என்கிறார். நீங்கள் ப்ளீடரைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறக்கிறீர்கள். ஃப்ளூயிட் டியூபில் ஓடி நிற்கும். நின்றதும் மூடுங்கள். மூடிய பிறகே 'தூக்கு'. பெடல் தானாக மேலே வராமல் தரையிலேயே கிடக்கலாம், பயப்பட வேண்டாம். அழுத்தம் இல்லாததால் அப்படி. கையால் அல்லது கால் விரலால் மெல்ல மேலே இழுத்துவிடச் சொல்லுங்கள். மேலே வந்தபின் இரண்டு நொடி பொறுத்து அடுத்த 'மிதி'. அந்த இரண்டு நொடியில்தான் டப்பாவிலிருந்து புது ஃப்ளூயிட் மாஸ்டருக்குள் இறங்குகிறது.

ப்ளீடர் திறந்திருக்கும்போது பெடல் அரை அங்குலம் மேலே வந்தாலும் போதும், ஸ்லேவுக்குள் காற்றையும் பழைய ஃப்ளூயிட்டையும் உறிஞ்சிவிடும். அதுவரை எடுத்த ஏர் முழுவதும் வீண்.

பெடலை வேகமாக அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். வேகமாக அடித்தால் உள்ளே இருக்கும் ஒரு பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து நுரைத்துவிடும். பெரிய குமிழி சுலபமாக வெளியேறும், நுரை வெளியேறாது. அப்படி நுரைத்துவிட்டால் காரை ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஐந்து மிதிக்கு ஒருமுறை நிறுத்தி டப்பாவைப் பாருங்கள். இது மிகச் சின்ன டப்பா, பிரேக் டப்பாவோடு பழகியவர்கள் எண்ணுவதைவிடச் சீக்கிரம் தீரும். அடித்துளை ஒருமுறை காற்றைக் குடித்துவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் கண் முன்னால் வீணான முயற்சிகளில் பாதிக்கு மேல் இதனால்தான்.

டியூபில் முதலில் கறுப்பாக வரும், அப்புறம் தேன் நிறம், கடைசியில் பாட்டிலில் இருக்கும் அதே நிறம். அந்த நிறம் வந்து, குமிழி இல்லாமல் தொடர்ந்து ஐந்து மிதி வந்தால் முடிந்தது. ப்ளீடரை இறுக்குங்கள். மாஸ்டா சொல்லும் இறுக்கம் சுமார் 6 முதல் 9 நியூட்டன் மீட்டர், அதாவது சின்ன ஸ்பேனரை விரல்களால் பிடித்து இறுக்கும் அளவு. தோள் பலத்தைக் காட்டினால் அடுத்த முறை ஒடியும்.

9. ஆள் கிடைக்காதபோது

நம்பகமான வழி, தானாகவே வடியவிடுவது. டப்பாவை நிரப்பி, டியூபை மாட்டி, ப்ளீடரைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். சொட்டுச் சொட்டாக வரும், பொறுமை வேண்டும். டப்பாவை நிரப்பிக்கொண்டே இருந்தால் போதும், தப்பு நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. கடைசியில் யாரையாவது அழைத்து நான்கைந்து மிதி எடுத்துவிட்டால் முழுமையாகும்.

வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ளீடரைத் திறந்ததும் அதன் மரையைச் சுற்றிய இடைவெளி வழியாக வெளிக்காற்றும் டியூபுக்குள் வரும். அந்தக் குமிழியைப் பார்த்து 'இன்னும் ஏர் வருகிறது' என்று பாட்டில் பாட்டிலாகத் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். பம்ப் வைத்தால் குமிழியை நம்பாதீர்கள், பெடலை நம்புங்கள்.

10. எல்லாம் செய்தும் பெடல் தொளதொளவென்று இருந்தால்

முதலில் ஃப்ரீ பிளேயை மறுபடி பாருங்கள், 1ஆம் பகுதியில் சொன்னது. அது சரியாக இருந்தால், ஸ்லேவின் உள்ளே எங்கோ ஒரு குமிழி பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.

அதற்கு ஸ்லேவைத் தாங்கும் இரண்டு 12 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஹோஸைக் கழற்ற வேண்டாம். ப்ளீடர் மூடியிருக்கட்டும். ஹோஸ் இணையும் முனை மேலே பார்க்கும்படி ஸ்லேவைச் சாய்த்துப் பிடித்து, ஃபோர்க்கைத் தள்ளும் அதன் புஷ்ராடைக் கட்டைவிரலால் மெதுவாக, ஒரே சீராக உள்ளே அழுத்துங்கள். உள்ளிருக்கும் ஃப்ளூயிட் குமிழியையும் தள்ளிக்கொண்டு லைன் வழியாக மேலே டப்பாவுக்குப் போகும். மூடியைத் திறந்து பார்த்தால் குமிழி வந்து உடைவது தெரியும். டப்பாவில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், வழிந்து பெயின்ட்டில் இறங்கிவிடும். மெதுவாக வெளியே விட்டு, மறுபடி அழுத்தி, நான்கைந்து முறை செய்யலாம்.

ஸ்லேவ் கழன்று தொங்கும்போது பெடலை மட்டும் யாரும் தொடக் கூடாது. தடுக்க எதுவும் இல்லாததால் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். பெடல் பக்கம் இருப்பவரைக் காரைவிட்டு இறங்கி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போல்ட்டில் கை வைப்பேன்.

11. மூடுவதும் சரிபார்ப்பதும்

டப்பா அளவைக் கோடுகளுக்கு நடுவில் வையுங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். தட்டு தேயும்போது ஏறும் ஃப்ளூயிட்டுக்கு இடம் வேண்டும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் திரை கீழே உப்பியிருந்தால் விரலால் மடித்து மேலே தள்ளி, அப்புறம் மூடுங்கள்.

அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பெடலை இருபது முறை மிதிக்கச் சொல்லுங்கள். ப்ளீடரையும் ஸ்லேவ் உறையையும் உலர்ந்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ப்ளீடர் தொப்பியை மாட்டி, சிந்திய இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சக்கரத்தை மாட்டிக் காரை இறக்குங்கள்.

1ஆம் பகுதியின் ரிவர்ஸ் சோதனையை அப்படியே மறுபடி செய்யுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். பக்கத்துத் தெருக்களில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய ரோட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை, ஒரு வாரம் கழித்து என்று இரண்டு முறை அளவைப் பாருங்கள். பழைய அழுக்கு அடைத்துக்கொண்டிருந்த தேய்ந்த கப், புது ஃப்ளூயிட்டில் கசியத் தொடங்குவது உண்டு. அளவு குறைந்தால் ஸ்லேவின் உறையை முதலில் விலக்கிப் பாருங்கள்.

பழைய ஃப்ளூயிட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். மூடிய பாட்டிலில், மேலே எழுதி, ஊராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள், பார்க்க ஜூஸ் போலவே இருக்கும்.

12. ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கார்கள்

சி5 கார்வெட் (1997–2004), சி6 கார்வெட் போன்றவற்றில் ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, தண்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது. ப்ளீடரைத் தொடுவதே பெரிய பாடு. கிளட்ச் தூசி அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஃப்ளூயிட்டும் சீக்கிரம் கறுக்கிறது.

அங்கே மேலிருந்தே மாற்றலாம். டப்பாவைச் சிரிஞ்சால் உறிஞ்சி, துடைத்து, புதியதை ஊற்றி, மூடியைப் போட்டு, பெடலை மெதுவாக முப்பது முறை மிதியுங்கள். ஒவ்வொரு மிதியிலும் கீழிருக்கும் பழையது கொஞ்சம் மேலே வந்து கலக்கும். திறந்து பாருங்கள், மறுபடி கலங்கியிருக்கும். மறுபடி உறிஞ்சி, ஊற்றி, மிதியுங்கள். நிறம் தெளியும் வரை இதே சுற்றுதான். நீண்ட நாள் மாற்றாத காரில் ஒரே நாளில் தெளியாது. இடையில் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் வேகமாகத் தெளிகிறது.

இந்த முறையில் பழையது நீர்க்கிறதே தவிர, முழுதாக வெளியேறுவதில்லை. உள்ளே ஏர் இருந்தால் அதையும் எடுக்காது. ஆனால் லைனைத் திறக்காததால் புது ஏர் நுழைய வழியில்லை. அந்தக் கார்களில் ஃப்ளூயிட் கறுக்கும் முன்பே, ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று செய்துவிடுங்கள். ஸ்லேவ் போனால் அதை எட்டக் காரின் பின்பாதியையே இறக்க வேண்டியிருக்கும்.